இருவராக நடந்து முடிப்பது

நெடுந்தூர நடைக்குத் துணை தேடுகிறவர்கள் பெரும்பாலும் தங்களைவிட நன்றாக நடக்கும் ஒருவரைத் தேடிப் போகிறார்கள். வலித்தால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவரைத் தேடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. நடக்கும் திறனைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாம். வலியை மறைத்துக்கொண்டு நடக்கும் பழக்கம் உள்ளவரோ இரண்டாம் நாள் மாலையில் தன் நடையோடு உங்கள் நடையையும் சேர்த்து நிறுத்திவிடுவார். நிதி திரட்டும் நடையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே பலர் கொப்புளம் வந்ததை உடன் நடப்பவரிடம்கூடச் சொல்வதில்லை.

எதற்காக, எவ்வளவு தூரம்

இலங்கையில் 2011 ஜூலையில் நடந்த ‘ட்ரெயில்’ நடையைப் பற்றி இந்த நூலைப் படிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நேத்தன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள் முன்னின்று நடத்திய நடை அது. ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தீவின் தென்கோடியான தேவேந்திரமுனையில் புறப்பட்டு வடகோடியான பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டரை 27 நாட்களில் நடந்தார்கள். வழியில் பொதுமக்களும் சேர்ந்துகொண்டார்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழுப்புவது நோக்கம். அதுவரை வடக்கின் புற்றுநோயாளிகள் பலர் கொழும்பை அடுத்த மகரகம வரை போக வேண்டியிருந்தது. அந்த மருத்துவமனை எழுந்தது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்கு எதிர்த்திசையில் மறுபடி ஒரு நடை நடந்தது. அது காலியிலுள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, நோக்கத்தைச் சொன்ன விதம். ‘புற்றுநோய் விழிப்புணர்வுக்காக நடக்கிறோம்’ என்றால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ‘தெல்லிப்பழையில் மருத்துவமனை கட்டுவதற்காக நடக்கிறோம்’ என்றால் ஊர் தெரிகிறது, கட்டடம் தெரிகிறது, அங்கே படுக்கப்போகிறவர் யார் என்பதும் தெரிகிறது. உங்கள் நோக்கத்தையும் இப்படி ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நடைக்கு நாள் குறிக்காதீர்கள்.

இரண்டாவது, கணக்கு. 670ஐ 27ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் இன்று நடந்ததை நாளையும் மறுநாளும் நடக்கக்கூடிய தூரம் அது. முதல் நாள் உற்சாகத்தில் 40 கிலோமீட்டர் நடந்தவர்கள் மறுநாள் 15 கிலோமீட்டருக்கே தவிப்பார்கள். திட்டம் போடும்போது 25 என்பதை உச்சமாக வையுங்கள். ஆறு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு வையுங்கள்.

முதல் முறை என்றால் 670 வேண்டாம், 60 போதும். திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். சாலையோரம் பாதயாத்திரை பக்தர்களுக்கென்று நடைபாதை போட்டிருக்கிறார்கள். மூன்று நாளில் நிதானமாக முடிக்கலாம். தைப்பூசக் கூட்டத்தில் போகாமல் அது கழிந்தபின் மாசியில் போனால் இடமும் கிடைக்கும், காலைக் காற்றும் இதமாக இருக்கும். புறப்படும் முன் ஆண்டுதோறும் பழனிக்கு நடக்கும் ஒருவரிடம், முக்கியமாகக் காவடியோடு நடக்கும் நகரத்தார் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். காலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஷூ விற்கிறவருக்குத் தெரியாது.

பயிற்சி

மூன்று மாதம் போதும். வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேர நடை, ஒரு நாள் நீண்ட நடை. நீண்ட நடையின் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி 20 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். கடைசி மாதத்தில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 20 கிலோமீட்டர் நடங்கள். வலிக்கும் காலோடு எழுந்து மறுபடி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான பயிற்சி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது இருவரும் சேர்ந்து நடந்தாக வேண்டும். தனித்தனியே நடந்துவிட்டு போனில் தூரத்தை ஒப்பிட்டுக்கொள்வது சேர்ந்து நடப்பதாகாது. உங்கள் துணை எப்போது பேச்சை நிறுத்துகிறார், பசித்தால் எப்படி ஆகிறார், மேட்டில் எப்படி மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் பக்கத்தில் நடந்தால்தான் தெரியும்.

கால்

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஷூவை மாலையில் வாங்குங்கள், பகல் முழுக்க நடமாடிய பாதம் அப்போதுதான் வீங்கியிருக்கும். நெடுநடையில் பாதம் அதைவிடவும் வீங்கும். ஆகவே நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வழக்கத்தைவிட அரை அளவோ ஒரு அளவோ பெரிய ஷூ தேவைப்படும். குறைந்தது இரண்டு மாதம் அதே ஷூவில் பயிற்சி செய்திருக்க வேண்டும். புறப்படும் வாரத்தில் அன்புள்ள உறவினர் யாராவது புது ஷூ வாங்கித் தந்தால் நன்றி சொல்லி வீட்டில் வைத்துவிடுங்கள்.

பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரத் தோல் சீக்கிரம் உரியும். விளையாட்டுக்கென்று விற்கும் செயற்கை இழைக் காலுறை நான்கு ஜோடி வாங்குங்கள். நண்பகலில் ஒரு முறை கட்டாயம் மாற்றுங்கள். கழற்றியதைப் பையின் வெளிப்பக்கம் ஊக்கு குத்தித் தொங்கவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். விரலிடுக்கிலும் தொடை உரசும் இடத்திலும் காலையிலேயே வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நகத்தைப் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

கொப்புளத்தைத் தடுக்க மலிவான வழி ஒன்று உண்டு. 2016இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள், பல நாள் நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொண்ட 128 பேரின் பாதத்தில் சில இடங்களில் மட்டும் மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணக் காகித டேப்பை முன்கூட்டியே ஒட்டிப் பார்த்தார்கள். டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. எங்கே ஒட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பயிற்சியின்போது எந்த இடம் சிவக்கிறதோ அந்த இடத்தில் ஒரே ஒரு மடிப்பில்லாத சுற்று போதும்.

அதையும் மீறிக் கொப்புளம் வந்தால், சிறியதை உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்க முடியாதபோது மட்டும், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிடுங்கள். மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட்டுக் கட்டுப் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் இதைத் தானே செய்யக் கூடாது. நடைக்குச் சம்மதிக்கும் முன்பே பாதத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இங்கேதான் நண்பரோடு செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம் வருகிறது. இருவரில் ஒருவர் ‘கால்’ என்று சொன்னால் ஐந்து நிமிடத்துக்குள் இருவரும் உட்கார வேண்டும். ‘அடுத்த டீக்கடை வந்துடட்டும்டா’ என்ற பேச்சுக்கே இடமில்லை. குதிகாலில் சூடாகத் தோன்றும் இடம் கொப்புளமாக மாற இரண்டு கிலோமீட்டர் போதும். ஷூவைக் கழற்றி, துடைத்து, டேப் ஒட்டி எழுந்திருக்க ஏழெட்டு நிமிடம்தான் ஆகும். அந்த ஏழெட்டு நிமிடத்தைக் கேட்க வெட்கப்பட்டவர்களால் நின்றுபோன நடைகள் நிறைய.

தண்ணீரும் வெயிலும்

நம் ஊரில் நடப்பவர்கள் விடியலை நம்பி நடக்க வேண்டும். காலை நாலரைக்குப் புறப்பட்டால் பத்தரைக்குள் 20 கிலோமீட்டரை முடித்துவிடலாம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தாலும், உட்காருவது, குடிப்பது, கழிப்பறை எல்லாம் சேர்ந்தால் சராசரி 4 அல்லது அதற்குக் கீழேதான் நிற்கும். திட்டத்தில் அந்த எண்ணையே எழுதுங்கள். மிச்சமுள்ள தூரத்தை மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகல் தூங்குவதற்கு.

தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காதபோது குடத்தைக் கவிழ்க்காதீர்கள். வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் நாம் இழக்கும் சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோர் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தம். மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு கையில் இருக்கட்டும். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். சாப்பாட்டுக்குக் காலையில் இட்லி, நடுவில் கடலை மிட்டாயும் வாழைப்பழமும், மதியம் தயிர்சாதம். வழியில் புதுமையான எதையும் வயிற்றில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

வெயில் தாக்கும்போது முதலில் மங்குவது அறிவுதான். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்போது பேச்சு குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். தனக்கு அப்படி ஆகிறது என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது. ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று அடித்துச் சொல்வார். இதைக் கண்டுபிடிக்க பக்கத்தில் அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும். துணையோடு நடக்கச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இது. மணிக்கு ஒரு முறை ஒருவரையொருவர் ஏதாவது கேளுங்கள்: கடைசியாகத் தாண்டிய ஊர் எது, இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று. பதில் தடுமாறினால் நிழலில் உட்காரவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே 108ஐ அழையுங்கள். இலங்கையில் என்றால் 1990. அவருடைய மறுப்பைக் காதில் வாங்காதீர்கள்.

சேர்ந்து நடக்கும் வேகம்

இருவரின் வேகமும் ஒன்றாக இருக்காது. வேகமானவர் முன்னால் போய்விட்டு மரத்தடியில் காத்திருப்பார். பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் ‘போகலாமா?’ என்று எழுந்துவிடுவார். இப்படி நாள் முழுக்க ஓய்வெல்லாம் வேகமானவருக்கே போகிறது, ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. மெதுவானவர் முன்னால் நடக்கட்டும். அந்தந்த மணி நேரத்தில் யார் மெதுவோ அவருடைய வேகம்தான் இருவரின் வேகம். காலையில் அது நீங்களாக இருக்கலாம், மாலையில் அவராக இருக்கலாம். மணிக்குப் பத்து நிமிடம், கடிகாரம் பார்த்து, ஷூவைக் கழற்றிக் காலை உயர்த்தி வைத்து உட்காருங்கள்.

பேச்சும் அப்படித்தான். நாள் முழுவதும் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. காலையில் முதல் ஒரு மணி நேரம் மௌனம் என்று வைத்துக்கொண்டால் பல மனத்தாங்கல்கள் எழாமலே போகும்.

சண்டை வரும், அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். கனடாவின் டெரி ஃபாக்ஸைவிட மன உறுதி உள்ளவரைக் காட்டுவது கடினம். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த அவர், 21 வயதில் செயற்கைக் காலோடு, 1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸ் நகரில் ஓட்டத்தைத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது நோக்கம். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். பள்ளி நண்பர் டக் ஆல்வர்டு வேனை முன்னால் ஓட்டிப்போய் தண்ணீரோடு காத்திருப்பார். உயிர் நண்பர்கள்தான். ஆனாலும் நோவா ஸ்கோஷியாவை அடைவதற்குள் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. டெரியின் பெற்றோர் விமானத்தில் பறந்து வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. பின்னர் டெரியின் தம்பி டாரலும் வேனில் சேர்ந்துகொண்டார். நட்பு முறியவில்லை, ஓட்டமும் நிற்கவில்லை. நாள் முழுக்க வலியோடு ஒருவர், நாள் முழுக்கக் காத்திருப்போடு ஒருவர், சிறிய வேனுக்குள் உறக்கம் என்று இருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள். முதல் நாளிலேயே, இருவருக்கும் வேண்டிய மூன்றாம் மனிதர் ஒருவரை, அக்காவோ ஆசிரியரோ, பேசிவைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரவு அவர் இருவரிடமும் தனித்தனியே இரண்டு நிமிடம் பேசட்டும்.

புறப்படும் முன்பே முடிவெடுத்துவிட்டால் வழியில் வாதாட எதுவும் மிச்சமிருக்காது. 1962இல் அணு ஆயுதத்துக்கு எதிராக டெல்லியிலிருந்து நடக்கத் தொடங்கிய சதீஷ் குமாரும் ஈ.பி. மேனனும் காந்தியவாதியான வினோபா பாவேயிடம் ஆசி வாங்கப் போனார்கள். கையில் பணம் வைத்துக்கொள்ளாதீர்கள், சைவ உணவை விடாதீர்கள் என்று இரண்டு விதிகளைக் கொடுத்து அனுப்பினார் வினோபா. மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் வரைக்கும் அந்த விதிகளோடு போய்வந்தார்கள். நீங்கள் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டியதில்லை. யார் கையில் பணம், எத்தனை மணிக்கு எழுவது, லிஃப்ட் கொடுக்க வருபவரிடம் என்ன சொல்வது, ஒருவர் விழுந்தால் மற்றவர் தொடர்வதா என்ற நான்கையும் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில்

வாகனம் இடப்புறம் ஓடும் நம் நாடுகளில் நீங்கள் வலப்புறம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நடக்காமல் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். விடியலுக்கு முன் ஒளி பிரதிபலிக்கும் மேலாடையும் கைவிளக்கும் கட்டாயம். காதில் பாட்டு வேண்டாம். ‘அண்ணே, கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்கலாமா?’ என்று கேட்டால் நம் ஊரில் இல்லை என்று சொல்பவர் அரிது. எதற்காக நடக்கிறீர்கள் என்று அவரே கேட்பார். அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்லுங்கள்.

பணம்

நன்கொடையை உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். உங்களை நம்பாதவர்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, உங்கள் நட்புக்காகவும் சொல்கிறேன். பணம் நேராக அமைப்பின் கணக்குக்குப் போகட்டும், ரசீதும் அங்கிருந்தே வரட்டும். இந்தியாவில் வருமான வரிச் சலுகை கேட்பவர்களுக்கு, அமைப்புக்கு 80ஜி அங்கீகாரம் இருக்கிறதா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதைக் கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களின் பணத்தை வாங்க அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற சித்தப்பா அன்போடு அனுப்பினாலும் விதி அதுதான்.

உங்கள் சாப்பாடு, தங்கல், ஷூ ஆகியவற்றின் செலவுக்கு நன்கொடையிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கப்படாது என்று முதல் செய்தியிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரி பல கதவுகளைத் திறக்கும். கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள். ‘வணக்கம் மாமா. மாசியில் நானும் கோமதியும் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை 60 கிலோமீட்டர் நடக்கிறோம். சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்க. கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வீதம் நீங்கள் 1,200 ரூபாய் தர முடியுமா?’ என்று எழுதினால் மாமாவுக்குப் பதில் சொல்வது சுலபம். முதலில் மிக நெருங்கிய ஐந்து பேரிடம் கேளுங்கள். அவர்கள் கொடுத்தது தெரிந்தால் மற்றவர்கள் வருவார்கள். நடை தொடங்கி, காலையில் ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான பணம் வரும். முதல் வாரத்தில் மனம் தளராதீர்கள்.

நிற்க வேண்டி வந்தால்

எலும்பில் ஒரே புள்ளியில் குத்தும் வலி, மூட்டு வீக்கம், காய்ச்சலோடு சிவந்த கொப்புளம், நெஞ்சுவலி இவற்றில் எது வந்தாலும் அன்றைய நடை முடிந்தது. மற்றவர் தொடர்வதா என்பதைத் தாளில் எழுதிய முடிவு சொல்லும். தொடர்ந்தால், நின்றவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. நன்கொடையாளர்களுக்குச் செய்தி அனுப்புவது, அடுத்த ஊரில் தங்க இடம் பார்ப்பது, மோரோடு சாலையோரம் நிற்பது என்று அவர் வேலை கூடும்.

கொடுத்தவர்களிடம் என்ன சொல்வது என்று பயப்படுகிறவர்களுக்கு மறுபடியும் டெரி ஃபாக்ஸைத்தான் காட்டுவேன். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த அவர், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் 1980 செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்தினார். அவர் குறிவைத்தது கனடாவின் மக்கள் தொகைக்கு ஈடாக, தலைக்கு ஒரு டாலர். 1981 பிப்ரவரிக்குள் நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டி அந்தக் குறியை எட்டிவிட்டது. நின்றுபோனதை மக்கள் மன்னித்தார்கள் என்று சொல்வது கூடத் தவறு, அவர்கள் குறையாகவே எண்ணவில்லை. நடந்ததை நடந்தபடி அன்றே எழுதி அனுப்புங்கள்.

நடை முடிந்த ஒரு வாரத்துக்குள் மொத்தம் எவ்வளவு வந்தது, அமைப்பு அதை எப்போது எதற்குச் செலவிடும் என்று இருவரும் கையெழுத்திட்ட கணக்கை, பத்து ரூபாய் கொடுத்தவர் உட்பட எல்லாருக்கும் அனுப்புங்கள். சக்கர நாற்காலி வந்து சேர்ந்த அன்று இன்னொரு செய்தி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு நீங்கள் நடந்தாலும் வேறு யார் நடந்தாலும் இவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.